சிசு மரண விகிதம்: எண்ணை நம்புவதற்கு முன் ஏட்டைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்ட ஆய்வுக் கூட்டம். திரையில் ஒரு வட்டாரத்தின் பெயர் சிவப்பில் வந்தது. போன வருடம் 6 சிசு மரணம், இந்த வருடம் 9. “அம்பது பெர்சென்ட் ஏறியிருக்கு, என்ன பண்றீங்க அங்க?” என்று கேள்வி வந்தது. அந்த வட்டாரத்து மருத்துவ அலுவலர் எழுந்து நின்றார். அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அவருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த 9ஐ எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொதுச் சுகாதாரம் படிக்க வந்தவர்கள், மாவட்டச் செய்தி எழுதும் நிருபர்கள், தரவு என்றதும் லேப்டாப்போடு வந்து நிற்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தான் இருந்தால் போதும்.

எபிடமியாலஜியை நோய்ப்பரவலியல் என்று தமிழில் சொல்கிறோம். பெயர் பெரிதாக இருந்தாலும் அது கேட்பது சின்னக் கேள்விகளைத்தான்: யாருக்கு, எங்கே, எப்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் சூத்திரம், அப்புறம் வயது

ஒரு வருடத்தில் ஒரு வயது முடிவதற்குள் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை அதே வருடத்தில் உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் சிசு மரண விகிதம். ஒரு மாவட்டத்தில் 20,000 பிறப்பு, 200 மரணம் என்றால் விகிதம் 10. இது சதவீதம் இல்லை, ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கு. “சிசு மரணம் 10 சதவீதம்” என்று அச்சில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பத்துக் குழந்தைகளில் ஒன்று இறக்கிறது என்று அர்த்தமாகிவிடும். இந்தியா ஒரு காலத்தில் அதைவிட மோசமாகவும் இருந்தது, 1971இல் விகிதம் 129. ஆனால் இன்றைய மாவட்டம் எதுவும் அப்படி இல்லை.

இந்த ஒரு வருடத்தை அப்படியே ஒரே துண்டாக வைத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது. பிறந்து முதல் 7 நாட்களுக்குள் இறப்பது ஒரு வகை, 28 நாட்களுக்குள் இறப்பது பச்சிளங்குழந்தை மரணம், 28ஆம் நாள் முதல் ஒரு வயது வரை இன்னொரு வகை. 2020ஆம் ஆண்டு இந்தியாவின் விகிதம் 28. அதில் 20 முதல் 28 நாட்களுக்குள் நடந்தவை, அந்த 20இலும் 15 முதல் வாரத்திலேயே நடந்தவை. அதாவது ஒரு வயதுக்குள் போகிற குழந்தைகளில் பாதிக்கு மேல் ஏழு நாள்கூடத் தாண்டவில்லை.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளியும் வேறு. முதல் வாரத்தில் பெரும்பாலும் குறைமாதம், எடைக்குறைவு, பிறக்கும்போதே மூச்சுத்திணறல். இங்கே பிரசவ அறையும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும்தான் பேச வேண்டும். அதற்கடுத்த மூன்று வாரங்களில் தொற்று முன்னே வருகிறது. ஒரு மாதம் தாண்டினால் நிமோனியா, வயிற்றுப்போக்கு. அங்கே தடுப்பூசியும் குடிதண்ணீரும் தாய்ப்பாலும் வீட்டு அடுப்புப் புகையும் கணக்கில் வரும். எந்தத் துண்டு ஏறியது என்று தெரியாமல் “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று சொல்வதில் பயன் இல்லை.

“உயிருடன் பிறந்தது” என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிறந்த குழந்தை ஒரு முறை மூச்சு விட்டாலும், இதயம் துடித்தாலும், தொப்புள்கொடி துடித்தாலும், தானாகக் கை கால் அசைத்தாலும் அது உயிர்ப்பிறப்பு. கர்ப்ப மாதம் எத்தனை என்பது கணக்கில்லை. ஐந்து நிமிடம் இருந்து இறந்தால் அது சிசு மரணம். ஆனால் ராத்திரி மூன்று மணிக்குப் பிரசவ அறையில் அந்தக் குழந்தையை “இறந்து பிறந்தது” என்று எழுதிவிட்டால் பிறப்புக் கணக்கிலும் வராது, சிசு மரணக் கணக்கிலும் வராது. எல்லோரும் வேண்டுமென்றே செய்வதில்லை. மேலே இருந்து நெருக்கடி கூடும்போது கை தானாக அந்தக் கட்டத்துக்குப் போகிறது. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வார மரணம் திடீரென்று குறைந்திருந்தால் பக்கத்திலேயே இறந்து பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது அதே அளவுக்கு ஏறியிருந்தால் யாரும் பிழைக்கவில்லை, கட்டம்தான் மாறியிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பதற்கென்றே பிரசவகால மரண விகிதம் என்று ஒன்று உண்டு. 28 வாரத்துக்கு மேற்பட்ட இறந்த பிறப்புகளும் முதல் 7 நாள் மரணங்களும் அதில் சேரும். இந்த விளையாட்டு அதனிடம் செல்லாது.

எண் எங்கிருந்து வந்தது?

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இந்தியாவில் சிசு மரணத்துக்கு நாலு ஊற்றுகள் உண்டு. நாலும் வேறு வேறு எண் கொடுக்கும், எந்த எண்ணும் முழுப் பொய் இல்லை.

முதலாவது மாதிரிப் பதிவுத் திட்டம், எல்லோரும் எஸ்.ஆர்.எஸ். என்பார்கள். 1960களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி 1970 வாக்கில் நாடு முழுக்க வந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களையும் நகரப் பகுதிகளையும் மாதிரியாக எடுத்து, ஏறக்குறைய 80 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். இதன் அழகு இரட்டைப் பதிவில் இருக்கிறது. உள்ளூரில் இருக்கும் ஓர் ஆள், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ, வருடம் முழுக்கப் பிறப்பு இறப்பைக் குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொரு மேற்பார்வையாளர் வந்து, அவருடைய நோட்டைப் பார்க்காமல், வீடு வீடாகத் தனியாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றை மறுபடி நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். நம் ஊர்த் தரவு ஏற்பாடுகளில் எனக்கு மரியாதை அதிகம் உள்ளது இதன் மேல்தான்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மாநில அளவுக்குக் கீழே அதிகம் இறங்காது, மாவட்ட எண் தராது. சின்ன மாநிலங்களுக்கு மூன்று வருடத்தைச் சேர்த்துத்தான் சொல்லும். தாமதமும் உண்டு, 2021ஆம் ஆண்டின் அறிக்கை 2025 மே மாதம்தான் வந்தது.

இரண்டாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. இதில் தாய்மார்களிடம் நேரில் உட்கார்ந்து, பெற்ற குழந்தைகள் ஒவ்வொன்றையும் வரிசையாகக் கேட்பார்கள்: எப்போது பிறந்தது, உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில் போனது. மாநில விகிதத்தை ஆய்வுக்கு முந்தைய ஐந்து வருடங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு எஸ்.ஆர்.எஸ். 2020இல் சொன்னது 13. ஐந்தாம் சுற்றுக் குடும்ப நல ஆய்வு, அதாவது 2019–21, சொன்னது 18.6. “எது உண்மை?” என்று சண்டை வரும். 18.6 என்பது 2020இன் எண் அல்ல, அதற்கு முன் ஐந்து வருடங்களின் சராசரி. 2018இலும் 2019இலும் எஸ்.ஆர்.எஸ். எண்ணே 15ஆகத்தான் இருந்தது. போதாததற்கு மாதிரி சின்னது, நினைவிலிருந்து சொல்வது வேறு. இரண்டையும் ஒரே கோட்டில் போட்டு வரைபடம் மட்டும் வரைந்துவிடாதீர்கள். ஓர் ஆய்வின் நாலாம் சுற்றை அதே ஆய்வின் ஐந்தாம் சுற்றோடு ஒப்பிடுங்கள். எஸ்.ஆர்.எஸ்.ஸை எஸ்.ஆர்.எஸ்.ஸோடு.

நினைவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுப் பாருங்கள், தாய்மார்கள் “பதினொன்றரை மாதம்” என்று சொல்வதில்லை. “ஒரு வயசு இருக்கும்” என்பார்கள். அந்த “ஒரு வயசு”, 12 மாதம் என்று எழுதப்பட்டால் சிசு மரணத்திலிருந்து விலகி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தரவை வயதுவாரியாக வரைந்தால் ஒரு மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் குன்று மாதிரி குவியல் தெரியும். அது நோயின் வடிவம் இல்லை, நாம் பேசுகிற பழக்கத்தின் வடிவம்.

மாவட்டத் தகவல் தாளில் இந்த ஆய்வு சிசு மரணத்தைப் போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு மாவட்டத்தில் கேட்கும் சில நூறு குடும்பங்களில் நடக்கும் மரணங்கள் ஒரு கை விரலில் அடங்கிவிடும். அதை வைத்து விகிதம் சொல்ல முடியாது. ஆக, யாராவது “எங்கள் மாவட்டத்தின் விகிதம்” என்று எண் சொன்னால், அது எஸ்.ஆர்.எஸ்.ஸிலிருந்தும் வந்திருக்காது, குடும்ப நல ஆய்வின் தாளிலிருந்தும் வந்திருக்காது. அடுத்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கும்.

மூன்றாவது, பிறப்பு இறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டம், 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம். சட்டப்படி எல்லாப் பிறப்பும் எல்லா இறப்பும் இதில் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்: பிறப்புச் சான்றிதழ் பள்ளிக்கு வேண்டும், ஆதாருக்கு வேண்டும், உதவித்தொகைக்கு வேண்டும், அதனால் பிறப்பு பதிவாகிவிடுகிறது. வீட்டில் பெரியவர் இறந்தால் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், இன்சூரன்ஸ் என்று தேவை வருகிறது, அதுவும் பதிவாகிறது. பத்து நாள் குழந்தையின் இறப்புச் சான்றிதழ் யாருக்கு எதற்கு வேண்டும்? பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் நடந்தால் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு அழுதுவிட்டு இருந்துவிடுகிறார்கள். ஆக, வகுக்கும் எண் முழுசாக இருக்கிறது, வகுபடும் எண்ணில் ஓட்டை இருக்கிறது. விகிதம் அழகாகக் குறைந்து தெரியும். பதிவு மோசமாக உள்ள இடம்தான் இந்த ஏட்டில் ஆரோக்கியமான இடமாகத் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் பாதி நோய்ப்பரவலியல் புரிந்த மாதிரி.

நாலாவது, சுகாதாரத் துறையின் சொந்த ஏடுகள். தேசிய அளவில் எச்.எம்.ஐ.எஸ். என்ற சுகாதாரத் தகவல் அமைப்பு, தமிழ்நாட்டில் 2008 முதல் பிக்மி. பிக்மியில் கர்ப்பிணி பதிவானதும் அவருக்கென்று எண் கிடைக்கும், அங்கிருந்து பிரசவம், குழந்தை, தடுப்பூசி வரை ஒரே சரடாகப் போகும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். தாயிலிருந்து குழந்தை வரை ஆள்வாரியாகப் பின்தொடர முடிகிற ஏடு கையில் இருப்பது பெரிய விஷயம். வட்டார அளவில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் சாப்பாடு. குறை என்னவென்றால், மரணத்தைக் குறைக்க வேண்டிய அதே ஆட்கள்தான் மரணத்தைப் பதிவும் செய்கிறார்கள். பரீட்சை எழுதுபவரே விடைத்தாளும் திருத்துகிற கதை. தனியார் மருத்துவமனைத் தகவல் முழுசாக வந்ததா என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தாய்வீட்டுப் பிரசவம் உங்கள் கணக்கைக் கெடுக்கும்

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில் பதிவாகின்றன, வசிக்கும் இடத்தில் அல்ல. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஐந்தாம் குடும்ப நல ஆய்வில் 99.6 சதவீதம். சிக்கலான பிரசவமும் எடைகுறைந்த குழந்தையும் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போகும். அந்த ஊரின் ஏட்டில் சுற்று வட்டார மாவட்டங்களின் மரணமெல்லாம் ஏறும். ஒரு காலத்தில் நான் இரண்டு பக்கத்து மாவட்டங்களைப் பட்டை வரைபடமாகப் போட்டு, மருத்துவக் கல்லூரி உள்ள மாவட்டம் மோசம், இல்லாத மாவட்டம் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தேன். அனுபவசாலி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப காலேஜை மூடிடலாமா?” என்று மட்டும் கேட்டார். அந்த வரைபடத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதோடு நம் வழக்கம் ஒன்று சேருகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து அழைத்துப் போவார்கள், குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் திரும்பி வருவாள். கர்ப்பம் ஒரு வட்டாரத்தில் பதிவு, பிரசவம் இன்னொரு வட்டாரத்தில், மரணம் மூன்றாவது ஊர் மருத்துவமனையில். எந்தச் செவிலியரின் கணக்கில் எழுதுவது? இரண்டு இடத்திலும் எழுதப்படலாம், ஓர் இடத்திலும் எழுதப்படாமலும் போகலாம். அதனால் உங்கள் அட்டவணையில் நடந்த ஊர் ஒரு பத்தி, தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் ஒரு பத்தி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். விகிதத்தை இரண்டாவதை வைத்துப் போடுங்கள். வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் ஒரே விதியில் எண்ணப்பட்டிருக்க வேண்டும். மரணத்தை வசிப்பிடப்படியும் பிறப்பை நடந்த இடப்படியும் எடுத்தால் எல்லாம் போச்சு.

6க்கும் 9க்கும் நடுவே ஒரு வர்க்கமூலம்

சரி, அந்த வட்டாரத்துக்கு வருவோம். வருடத்துக்குச் சுமார் 600 பிறப்பு. 6 மரணம் என்றால் விகிதம் 10, 9 என்றால் 15. கூட்டத்தில் எல்லோருக்கும் அது பெரிய ஏற்றமாகத் தெரிந்தது.

மரணம் மாதிரி அபூர்வமாக நடக்கும் விஷயங்கள் எதுவும் மாறாவிட்டாலும் வருடத்துக்கு வருடம் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டால் பெருக்கி, மேலும் கீழும் வையுங்கள். 9இன் வர்க்கமூலம் 3, இரண்டு மடங்கு 6. ஆக 9 என்பது 3 முதல் 15 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். 6க்கு வர்க்கமூலம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. அது 1 முதல் 11 வரை. இரண்டு வீச்சும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. ஐம்பது சதவீத ஏற்றம் என்று சொல்ல இதில் ஆதாரமே இல்லை. இவ்வளவு சின்ன எண்களுக்கு இந்தக் கைக்கணக்கு கரடுமுரடானதுதான். அபூர்வ நிகழ்ச்சிகளின் ஆட்டத்தைச் சரியாகக் கணக்கிடும் பாய்சான் அட்டவணையில் பார்த்தால் 6க்கு வீச்சு 2.2 முதல் 13.1 வரை. முடிவு மாறாது.

அதே சூத்திரத்தை மாவட்டத்துக்குப் போடுங்கள். 200 மரணம், வர்க்கமூலம் 14, இரண்டு மடங்கு 28. வீச்சு 172 முதல் 228. 20,000 பிறப்புக்கு விகிதம் 8.6 முதல் 11.4 வரை. அடுத்த வருடம் 13 என்று வந்தால் கவலைப்படலாம், 11 என்று வந்தால் காத்திருக்கலாம். எஸ்.ஆர்.எஸ். ஆண்டறிக்கையிலேயே இந்த நம்பக வரம்பை அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் வரை யாரும் புரட்டுவதில்லை.

வட்டார எண்ணுக்கு என்ன செய்வது? மூன்று வருடத்தைச் சேருங்கள், அல்லது நாலைந்து வட்டாரத்தைச் சேருங்கள். ஒரு வருடத்து வட்டார விகிதங்களை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி முதலிடத்துக்குக் கேடயம், கடைசி இடத்துக்கு மெமோ என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுப்பதற்குச் சமம். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை.

ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள்

உடலியல்படி ஆண் குழந்தைகள்தான் பலவீனமானவை. முதல் மாதத்தில், அதுவும் முதல் வாரத்தில், ஆண் குழந்தைகளின் மரணம் சற்று அதிகமாக இருப்பதுதான் உலக வழக்கு. ஆக, இரண்டும் சமமாக இருந்தாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். 2019 எஸ்.ஆர்.எஸ்.ஸில் இந்தியாவில் ஆண் 30, பெண் 31. பார்க்கச் சமம் மாதிரி இருக்கிறது. உண்மையில் பெண் குழந்தைகள் தங்களுக்கு இயற்கை கொடுத்த சலுகையை எங்கோ இழந்திருக்கிறார்கள்.

இந்த ஒரு பிரிப்பு என்ன காட்டும் என்பதற்குத் தமிழ்நாட்டு ஏடுகளே சாட்சி. 1990களில் சில மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிசு மரணக் காரணம் எழுதும் கட்டத்தில் “சோஷியல் காஸ்”, அதாவது சமூகக் காரணம், என்று எழுதியிருப்பார்கள். பெண் சிசுக்கொலைக்கு அலுவலக மொழியில் கிடைத்த பெயர் அது. ஊருக்குத் தெரியும், செவிலியருக்குத் தெரியும். எழுதினால் போலீஸ் வரும், எழுதாவிட்டால் மனசாட்சி விடாது; இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு சொல். பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் இந்த ஏடுகளை மாநிலம் முழுக்கத் திரட்டி ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். மரணங்கள் மாநிலமெங்கும் சிதறியிருக்கவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வடக்கே ஒரு பட்டையாகத் தொடர்ந்திருந்தன. அரசு 1992இலேயே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எந்தெந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று இந்த ஏட்டுக்கணக்கு காட்டியது.

கவனியுங்கள், இதற்குப் புதிய ஆய்வுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்த ஏட்டில் பாலினம், இறந்த நாள், ஊர் என்ற மூன்று பத்தியையும் சேர்த்துப் படித்தார்கள், அவ்வளவுதான். மாநிலச் சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

காரணம் என்று சொல்லும் முன் கொஞ்சம் தயங்குங்கள்

இலங்கையில் 1946இல் ஆயிரத்துக்கு 20.3ஆக இருந்த பொது இறப்பு விகிதம் 1947இல் 14.3ஆகக் குறைந்தது. சிசு மரணமும் கூடவே சரிந்தது. அந்த நேரத்தில்தான் மலேரியாவுக்காக டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தார்கள். டி.டி.டி.தான் செய்தது என்று பலர் எழுதினார்கள். வேறு சிலர், மலேரியா வறண்ட பகுதியின் நோய், ஈரப் பகுதியிலும் இறப்பு ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். அரிசி மானியம், இலவச மருத்துவமனை, போர் முடிந்தது என்று வேறு காரணங்களையும் எடுத்து வைத்தார்கள். வாதம் பல வருடம் நடந்தது. இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறினால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகிவிடாது. அந்தக் காரணம் தொடாத இடத்திலும் அதே மாற்றம் நடந்ததா என்று பாருங்கள். மிகப் பழைய தந்திரம், இன்னும் வேலை செய்கிறது.

இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம் என்பதற்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். 47 கிராமங்களை அப்படிச் செய்யாமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வருடத்தில் ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்க்கும்போது பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் வெளியான அந்த முடிவு பிற்பாடு நாடு தழுவிய வீட்டுச் சந்திப்புத் திட்டமாக ஆனது. ஒப்பீட்டுக் கிராமங்கள் இல்லாமல் இருந்திருந்தால் “எல்லா இடத்திலும்தான் குறைகிறது” என்று ஒதுக்கியிருப்பார்கள்.

வீட்டில் இறந்த குழந்தைக்கு மருத்துவச் சான்று இருக்காது. அப்போது தாயிடம் கேட்டுத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று ஒரு கொடூரமான பெயர் வைத்திருக்கிறார்கள். படிவத்தில் இருக்கும் ஆம், இல்லை கட்டங்களை முதலில் தொடாதீர்கள். “என்னம்மா நடந்தது, முதல்லேர்ந்து சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “பால் இழுக்கல”, “உடம்பு சில்லுனு ஆயிடுச்சு”, “நெஞ்சு உள்ள உள்ள போச்சு”. மருத்துவருக்கு இந்த மூன்று வார்த்தை போதும். நீங்கள் “செப்சிஸ்”, அதாவது ரத்தத்தில் பரவிய தொற்று, என்று மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தால் அவர் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. மரணம் நடந்த வாரத்திலேயே போய் நிற்காதீர்கள், ஆறு மாதம் தள்ளியும் போடாதீர்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள்.

கடைசியாக, வரிப்பட்டியல்

எக்செலில் ஒரு மரணத்துக்கு ஒரு வரி. பத்திகள்: தாயின் வசிப்பிடம், நடந்த இடம், பாலினம், பிறந்த தேதி, இறந்த தேதி, பிறந்த எடை, எத்தனை வாரக் கர்ப்பம், எங்கே பிரசவம், எப்போது டிஸ்சார்ஜ், வீட்டுச் சந்திப்பு எந்தெந்த நாளில், என்ன காரணம், யார் அதைத் தீர்மானித்தது. வயதை நாளாகக் கணக்கிட எக்செலிடம் விடுங்கள், கையால் எழுதாதீர்கள். பெயரும் பிக்மி எண்ணும் பூட்டிய தனிக் கோப்பில் இருக்கட்டும். வெளியே தரும் அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் குறைவாக எண் வந்தால் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வட்டாரமாகச் சேருங்கள். “இன்ன ஊராட்சி, இன்ன சாதி, பெண், 1” என்று அச்சிட்டால் அது எந்த வீடு என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த வட்டாரத்தின் 9 வரிகளை இப்படி உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு பேர் தாய்வீட்டுக்கு வந்த வேறு மாவட்டத்துப் பெண்கள். ஒன்று இறந்து பிறந்த குழந்தை, தட்டச்சில் கட்டம் மாறியிருந்தது. மிச்சம் 6. போன வருடமும் 6 என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, போன வருடத்து 6ஐ யாரும் இப்படிப் பிரிக்கவில்லை, அது நாலாகவும் இருந்திருக்கலாம். பழைய ஏடு அதற்குள் கட்டுக் கட்டி எங்கேயோ போயிருந்தது.

அந்த 6இல் மூன்று குழந்தைகள் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, பெரிய மருத்துவமனையில் முதல் மூன்று நாளில் போனவை. ஒன்று நாலு மாதத்தில், நிமோனியா. மிச்சம் இரண்டும் நல்ல எடை, சுகப்பிரசவம், மூன்றாம் நாளுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவை. ஒன்று ஐந்தாம் நாள், இன்னொன்று எட்டாம் நாள், இரண்டும் வீட்டில். மூன்றாம் நாள் வீட்டுச் சந்திப்பு என்ற கட்டம் இரண்டு வரியிலும் காலி. கிராம சுகாதார செவிலியரிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த மாசம் பக்கத்து ரெண்டு சென்டரும் நான்தான் சார் பாத்தேன், அங்க போஸ்ட் காலி” என்றார். என் பட்டியலில் அதற்குப் பத்தி இல்லை. அன்று ஒன்று சேர்த்தேன்.